ஸ்கேன் அறையில் நான் சொல்லாமல் விட்டது

என் மனைவிக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வேலைக்காக நாங்கள் வந்திருந்த வெளிமாநில ஊரான நிக்டியில் ஏழாம் மாத ஸ்கேனின்போது, டாக்டரம்மா இந்தியில் சொன்னதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. கர்ப்பப்பை வாயின் நீளம் குறைந்துவிட்டது, குழந்தை முன்கூட்டியே பிறந்துவிடலாம், இன்றே சேர்த்துவிடுங்கள் என்றார்.

“என்னங்க சொல்றாங்க?”

“குழந்தை நல்லா இருக்குதாம்.”

மறுநாள் வளைகாப்பு. கோவையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து இறங்கியிருந்தார்கள். அவர்களிடம் விசேஷம் இல்லை என்று சொல்ல எனக்குக் கூச்சம். ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

வளைகாப்பு முடிந்த மாலையே வலி வந்துவிட்டது. பிரசவ அறை வாசலில் நர்ஸ் அவளுடைய புது வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். மகன் இரண்டு நாள்தான் இருந்தான்.

“டாக்டரம்மா அத்தன நேரம் பேசுனாங்களே, என்னதாங்க சொன்னாங்க?” என்று வீட்டுக்கு வந்தபின் கேட்டாள். அன்றுதான் முழுவதையும் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. இப்போது இந்தி கற்றுக்கொள்கிறாள். அர்த்தம் தெரியாத வார்த்தைகளைப் பக்கத்து வீட்டில் போய்க் கேட்கிறாள்.