முபாரிஸின் ஆட்சேபனை

மதுரங்குளியில் மீன் வாங்குகிறவர்கள் இரண்டு வகை. மீன் நல்லதா என்று கேட்டு வாங்குகிறவர்கள் ஒரு வகை. முபாரிஸிடம் வாங்குகிறவர்கள் மற்ற வகை. அவனிடம் கேட்கத் தேவையில்லை. மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பெட்டியைத் திறக்கும்போதே சொல்லிவிடுவான்: இது இன்றையது, இது நேற்றையது, பொரிக்கலாம், குழம்பாக ஆணம் காய்ச்சச் சரிவராது. வியாபாரி இப்படிக் கதைத்தால் உருப்படுவானா என்று நானே ஏசியிருக்கிறேன். உருப்பட்டான். நுரைச்சோலைக் கரையில் வாங்கிய மீன் பாலாவி தாண்டி எங்கள் ஊருக்கு வந்து முடிவதற்குள் பெட்டி காலியாகிவிடும். நேற்றைய மீனுக்கும் அவனிடம் ஆள் இருந்தது.

வியாபாரத்துக்கு உதவிய குணம் கல்யாணத்துக்கு உதவவில்லை. அவன் மனைவி மர்ளியா ஆங்கில ஆசிரியை. புதுச் சாரி உடுத்து எப்படி என்று கேட்டால் நிறம் எடுக்கவில்லை என்பான். மாமியார் பெருநாளைக்குச் செய்த வட்டிலப்பத்தில் முட்டை மணக்கிறது என்று விருந்தாளிகள் இருக்கும்போதே சொன்னான். குடியில்லை, அடியில்லை, வேறு பெண்ணும் இல்லை. இந்த மனிதனோடு உண்மையைத் தவிர வேறொன்றும் கதைக்க முடியவில்லை என்று காதி நீதவானிடம் மர்ளியா சொன்னாளாம். காதியார் சிரித்தாராம். பிறகு முபாரிஸோடு கொஞ்ச நேரம் கதைத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாராம். விவாகரத்து ஆனது. மகள் ருஷ்தா மதுரங்குளியில் தாயோடும், முபாரிஸ் நுரைச்சோலையில் தன் உம்மாவோடும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போவான், பொழுதுபடுகிற மஃரிபுக்கு முன் கொண்டுவந்து விடுவான். அதில் ஒரு நாளும் பிந்தியதில்லை.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எல்லாரையும் இயக்கம் வெளியேறச் சொன்னபோது அவன் சின்னப் பிள்ளை. ரெண்டு நாளில் திரும்பி வந்துவிடலாம் என்று வாப்பா சொன்னதை நம்பி, வளர்த்த புறாக்களுக்கு ரெண்டு நாள் தீனியைப் போட்டுவிட்டு வள்ளத்தில் ஏறினான். அந்த ரெண்டு நாள் முடியவே இல்லை. அவன் இப்படி ஆனதற்கு அதுதான் காரணம் என்று அவன் உம்மா ஸுலைஹா சொல்வார். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. அதே வள்ளத்தில் வந்த அவன் தம்பி நன்றாகப் பொய் சொல்வான்.

நான் ஓய்வுபெற்ற தபாலதிபர், ஊருக்குப் போஸ்ட்மாஸ்டர். சமாதான நீதவான் என்ற பட்டமும் அதற்கொரு முத்திரையும் எனக்கு உண்டு. சத்தியக் கடதாசி முடிக்க வேண்டியவர்கள் என் வீட்டு முன் அறைக்கு வருவார்கள். யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, ஒரு நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு, மர்ளியாவும் வந்தாள். மாலைதீவில் ஒரு தீவுப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. இங்கே எத்தனை முறை எழுதிப்போட்டும் அவளுக்கு நிரந்தர நியமனம் வரவில்லை. அங்கே வீடும் கொடுத்து, ருஷ்தாவையும் அதே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை. தாய் தனியாகப் பிள்ளையை வெளிநாடு கொண்டுபோவதென்றால் தகப்பன் சம்மதித்துச் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். அது இல்லாமல் பிள்ளைக்குக் கடவுச்சீட்டும் இல்லை, விசாவும் இல்லை.

முபாரிஸைக் கூப்பிட்டுவிட்டேன். பெட்டியை வாசலில் விட்டுவிட்டு வந்து கதிரையின் நுனியில் இருந்தான். வழக்கமான வாசகத்தைத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். 'எனது மகள் தனது தாயாருடன் மாலைதீவு சென்று வசிப்பதற்கு எனக்கு எவ்வித ஆட்சேபனையும் இல்லை என்பதை இஸ்லாமியனாகிய நான் பயபக்தியுடனும் உண்மையாகவும் உறுதியுரைக்கிறேன்.' ஆறுதலாக வாசித்தான். பேனையை மேசையில் வைத்தான்.

"ஆட்சேபனை இரிக்கே மாஸ்டர்."

மறுக்கிறான் என்றுதான் நினைத்தேன். அப்படியில்லை. பிள்ளை போகட்டும் என்றான். அங்கே நல்லாப் படிப்பாள், தாய் கெட்டிக்காரி, தான் குறுக்கே நிற்கப்போவதில்லை என்றான்.

"ஆனா எனக்கு ஆட்சேபனை இல்லயெண்டு அல்லாஹ்வப் பயந்து எப்பிடிச் சொல்லுற? இரிக்கி தானே."

இது எல்லாரும் போடுகிற வசனம், சடங்குக்குப் போடுவது என்று விளக்கினேன். எல்லாருக்கும் ஆட்சேபனை இல்லாமல் இருக்கலாம் என்றான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இது எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அவனுக்கே விளங்கட்டும் என்று, அவன் சொன்னபடியே இன்னொரு தாளில் அடித்துக் கொடுத்தேன்: 'இதில் எனக்கு ஆட்சேபனை உண்டு, என்றாலும் பிள்ளை போகட்டும்.' அவன் அதைத் திருப்தியோடு வாசித்து, கையெழுத்தும் போட்டுவிட்டு மீன் விற்கப் போனான்.

மர்ளியா அந்தத் தாளை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்தாள். இதைக் கொண்டுபோனால் பிள்ளையைக் களவெடுத்தவள் என்று தன்னைப் பிடித்து வைப்பார்கள் என்றாள். சரி என்று, ஆட்சேபனையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், சம்மதிக்கிறேன் என்று மட்டும் எழுதினோம். சம்மதம் உண்மை என்பதால் முபாரிஸ் அதிலும் மகிழ்ச்சியாகக் கையெழுத்திட்டான். கொழும்பில் கடவுச்சீட்டுக் கந்தோரில் அதைத் திருப்பிவிட்டார்கள். குறித்த வாசகம் குறித்தபடியே இருக்க வேண்டுமாம். வழக்குப் போட்டுப் பிள்ளையின் பொறுப்பை எடுக்கலாம், ஆனால் அது முடிவதற்குள் வேலை போய்விடும் என்று சட்டத்தரணி சொன்னார். வருடம் பிறந்ததும் அங்கே பள்ளிக்கூடம் தொடங்குகிறது. மர்ளியா என் முன் அறையில் இருந்து அழுதாள். எனக்கு அவள் மேல் இரக்கமும் அவன் மேல் ஆத்திரமும் வந்தன. இரண்டும் ஒரே அளவு.

அதற்கு மேல் ஒன்று நடந்தது. வெள்ளிக்கிழமை வழக்கம்போல வந்தவனிடம், நான் போனால் உங்களுக்குக் கவலையா வாப்பா என்று ருஷ்தா கேட்டிருக்கிறாள். மீன்காரன் மீனைப் பற்றிச் சொல்கிற மாதிரி, ஓம், கவலைதான் என்று சொல்லியிருக்கிறான். அன்றிரவே பிள்ளை தாயிடம் வந்து, தான் மாலைதீவுக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாள். ஏன் என்றதற்கு, வாப்பாவுக்குக் கவலையாம் என்றாள். அதன் பிறகு என்ன சொல்லியும் அசையவில்லை. தகப்பனின் மகள்.

முபாரிஸுக்கு நான்தான் டெலிபோன் எடுத்துச் சொன்னேன். ஏசுவதற்கு நிறைய வைத்திருந்தேன். ஆனால் பிள்ளை சொன்னதைச் சொன்ன பிறகு ஏச மனம் வரவில்லை, வைத்துவிட்டேன். அடுத்த நாள் மீன் பெட்டி இல்லாமல் வந்தான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். தாயையும் பிள்ளையையும் கூப்பிடச் சொன்னான்.

அவர்கள் வந்தார்கள். முபாரிஸ் ருஷ்தாவுக்கு முன்னால் குந்தி இருந்தான்.

"வாப்பாக்குக் கவலையில்ல மகள். நீங்க போய் நல்லாப் படிங்க."

பிள்ளை அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எட்டு வயதில் அவள் வாப்பாவிடம் ஒரு தரமாவது ஆணையிடச் சொல்லிக் கேட்டிருக்க மாட்டாள். தேவை வந்ததில்லை. பள்ளிக்கூடத்துக் கூட்டாளிகளிடம் கேட்டுப் பழகியதை இப்போது கேட்டாள்.

"வல்லாஹி?"

மதுரங்குளிச் சந்தியில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. அல்லாஹ்வின் பேரால் ஆணை என்பது அவனுக்கு என்னவென்று அந்த அறையில் இருந்த மூன்று பெரியவர்களுக்கும் தெரியும்.

"வல்லாஹி," என்றான்.

மர்ளியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவன் எழுந்து மேசைக்கு வந்து, ஆட்சேபனை இல்லை என்ற தாளை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டான். நான் முத்திரை குத்தினேன். பிள்ளைக்குச் சொன்ன பொய்க்குப் பிறகு கடதாசிப் பொய் அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

தாயும் மகளும் போய்ச் சேர்ந்தார்கள். அவன் பள்ளிவாசல் மௌலவியிடம் போய், தெரிந்துகொண்டே பொய்ச் சத்தியம் செய்தவன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். பிள்ளையின் மனதுக்காகச் சொன்னதை அல்லாஹ் மன்னிப்பான், ஆனால் அவன் பேரை இழுத்தாய் அல்லவா, பாவமன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய், பத்து ஏழைகளுக்கு உணவு கொடு என்றார் மௌலவி. முபாரிஸ் மீன் பெட்டிக்கு மேல் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து, மதுரங்குளியில் பத்து வீட்டுக்கு அளந்து கொடுத்தான். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. ருஷ்தா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தாயின் போனில் கூப்பிட்டாள். ஒவ்வொரு தரமும், கவலையா வாப்பா என்று கேட்டாள். இல்லை என்பான். வல்லாஹி என்பாள். வல்லாஹி என்பான். சனிக்கிழமை காலையில் பத்து வீட்டுக்கு அரிசி வரும். பிரதேச சபைத் தேர்தலில் நிற்கப் போகிறான் என்று ஊரில் கதை கிளம்பியது. நான் நேரில் கேட்டேன், அவன் நடந்ததைச் சொன்னான். கடைசியில் மௌலவியே பொறுமை இழந்து, ஆணையிடுவதை நிறுத்து, இது விளையாட்டில்லை என்று எச்சரித்தாராம். புள்ள கேக்குதே ஹஸ்ரத், என்றானாம். நான் அவனை முட்டாள் என்று ஏசினேன். அவன் போன பிறகு என் கண் கலங்கியது என்பதையும் சொல்ல வேண்டும், அவனைப் பற்றி எழுதும்போது மறைத்து எழுதுவது சரியில்லை.

மழைக்காலம் முடிகிற நேரம், ஒரு சனிக்கிழமை அரிசி வரவில்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கைம்பெண் அஸீஸா, அந்தப் பத்துப் பேரில் ஒருத்தி, மீன்கார முபாரிஸுக்குச் சுகமில்லையா என்று வந்து விசாரித்தாள். திங்கட்கிழமை அவன் வந்தபோது பிடித்துக்கொண்டேன். மகள் கூப்பிடவில்லையா என்று கேட்டேன்.

"எடுத்தா மாஸ்டர். கவலையா எண்டு கேட்டா, இல்லயெண்டன்."

"பிறகு?"

"அவ்வளவுதான். வல்லாஹி எண்டு கேக்கல்ல. கூட்டாளிப் புள்ளகள் வாசல்ல நிக்கிறாங்களாம். கடல்ல குளிக்கப் போற அவசரம்."

பெட்டி மூடியின் கொளுக்கியைப் போட்டுப் போட்டு எடுத்துக்கொண்டிருந்தான். நல்லதுதானே என்றேன். பிள்ளையின் மனம் அங்கே பிடித்துவிட்டது, உன்னைப் பற்றிய யோசனை விட்டுப்போயிற்று, நீ கையெழுத்துப் போட்டதும் இதற்குத்தானே என்றேன். ஓம் என்றான். பிறகென்ன, சந்தோஷம்தானே என்றேன்.

"சந்தோஷம்தான் மாஸ்டர்," என்றான்.

சத்தியமா என்று நான் கேட்கவில்லை.