கேசியில் இருந்த கே

கேசி மென்பொருளின் பெயரை மாற்றிவிட்டார்களாம். சேந்தமங்கலத்து லாரிக்காரர் ஈஸ்வர் தன் டிரைவர் சொல்லிக் கேட்டது அது. மகளைக் கணினி வகுப்பில் சேர்க்கச் சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வந்தவர், போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார்.

"நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸுல எல்லாம் இப்பப் புதுப் பேருங்க டீச்சர்."

மாடியில் அந்த வகுப்பை நடத்தும் கமலவேணி சிரித்து வைத்தாள். அதன்பிறகு அன்று ஒரு பாடமும் ஓடவில்லை. கேசியின் 'கே' அவள்.

அம்மாபேட்டை ஜவுளிக்காரர் வீட்டுப் பெண். கணிதத்தில் பட்டம் வாங்கி, தொண்ணூற்றைந்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தாள். கூட வேலை பார்த்தவன் நாமக்கல் சந்திரசேகர். சரக்கு இறக்கிய லாரி காலியாகத் திரும்பாமலிருக்க, எந்த ஊரில் எந்த லோடு காத்திருக்கிறது என்று காட்டும் மென்பொருளை இருவருமாக எழுதினார்கள். பெயர் வைப்பதில்தான் ஒரு வாரம் சண்டை. லாரிக்கு எழுதுவதுபோல் சாமி பெயர் வைக்கலாம் என்றான் அவன். அவளுக்கோ பழைய கணினிக்காரர்களின் சிக்கனம் பிடிக்கும். 'பி' என்ற மொழிக்கு அடுத்து வந்ததற்குச் 'சி' என்றே வைத்தவர்கள். மூன்று பேர் செய்த மொழிக்கு மூவரின் முதலெழுத்தையும் கூட்டி 'ஆக்' என்றவர்கள்.

"ஆளுக்கு ஒரு எழுத்து, சந்துரு. கே, சி. யார் செஞ்சதுன்னு ஒருத்தரும் கேக்க வேண்டாம்."

"உன் எழுத்து முன்னாடி வருதுல்ல, அதான் இத்தனை பேச்சு! சரி, வெச்சுத் தொலை."

அன்றைய டாஸ் இயங்குதளத்தில் கோப்பின் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக் கூடாது. அதற்கும் அவளே விதி செய்தாள். முதலெழுத்து எழுதியவருடையது, அடுத்த மூன்று வேலையைச் சொல்வது, மீதி ஊர். அவள் எழுதியதெல்லாம் 'கே'யில் தொடங்கின, அவன் எழுதியவை 'சி'யில். அவன் நாமக்கல்லில் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினான். அவள் சேலத்தில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தாள். ஒப்பந்தம் எழுதிக்கொண்டாயா என்று தம்பி குமரன் கேட்டதற்கு, "ஒவ்வொரு ஃபைல்லயும் நான் இருக்கேன்டா" என்றாள். அவளுக்கு அதுவே பத்திரம்.

மறுநாள் காலையில் நாமக்கல் பஸ் ஏறினாள்.

"ஏனுங்க டீச்சர், இவ்ளோ தூரம்?" புக்கிங் ஆபீஸ் சின்னுசாமி நாற்காலியை இழுத்துப் போட்டார். திரையில் நீல எழுத்தில் 'வித்யா' என்றிருந்தது.

"சந்திரசேகர் அண்ணனோட புள்ள பேருங்க. ஞாயித்துக்கெழம லாரி சங்கத்துல விழா. ஒத்தையாளா உருவாக்குனதுக்கு அண்ணனுக்குப் பொன்னாடை போத்தறாங்க."

"ஒத்தையாளாவா?"

"நோட்டீஸுல அப்படித்தானுங்க போட்டிருக்குது." அவர் சங்கடமாகச் சிரித்தார். "பழைய வண்டிய வாங்குனா, முன்னாடி இருக்கற பேர அழிச்சுப்போட்டு நம்ம குலசாமி பேர எழுதறதில்லீங்களா? அந்த மாதிரின்னு வெச்சுக்கோங்க."

"வித்த வண்டியிலதானே அழிப்பாங்க? நான் விக்கலையே."

சின்னுசாமி டீ சொல்லப் போனார். அவர் திரும்பி வந்ததும், உள்ளே ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். வெளிப்பெயரை யாரும் மாற்றலாம். உள்ளே இருக்கும் கோப்புப் பெயர்களில் தொழில் தெரிந்தவன் கை வைக்கமாட்டான். ஒன்றை மாற்றினால் அதை அழைக்கிற நூறு இடங்களிலும் மாற்றியாக வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் பட்டியலைத் திறந்தாள்.

'கே' ஒன்றுகூட இல்லை. அவள் எழுதிய நாற்பத்தியொரு கோப்புகளும் இப்போது 'வி'யில் தொடங்கின. மற்ற ஏழு எழுத்துகளும் அவள் வைத்தபடியே இருந்தன. 'சி'யில் தொடங்கியவை அப்படியே இருந்தன. எட்டெழுத்துக் கட்டுப்பாடு ஒழிந்து எத்தனையோ வருடமாகிறது. நீளநீளமாக வேறு பெயர் வைத்திருக்கலாம், எல்லாவற்றையும் கலைத்துப் போட்டிருக்கலாம். அவள் செய்த விதியை வைத்துக்கொண்டு அவளை மட்டும் எடுத்திருந்தான். எது அவளுடையது என்று மறந்தவன் செய்த வேலையல்ல இது. நாள்கணக்கில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தேடி மாற்றியிருக்கிறான்.

"வைரஸ் ஏதாச்சும் பூந்துருச்சுங்களா?" சின்னுசாமி எட்டிப் பார்த்தார்.

"இல்லைங்க. ரொம்பச் சுத்தமாப் பண்ணியிருக்கான்."

டீயைத் தொடாமல் வாசலுக்கு வந்து சந்திரசேகரைப் போனில் அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மேடையில் அவள் பெயரை அவன் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். கேட்கப்போவது அவ்வளவுதான்.

முழுதும் அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள்.

"அண்ணன் இப்பத்தானுங்க எங்கிட்டப் பேசுனாரு" என்றார் உள்ளேயிருந்து சின்னுசாமி. "போன் கையிலதான் இருக்கும், எடுப்பாருங்க."

மணி அடித்துக்கொண்டிருந்தது.