நம்ம வீட்டு ஆள் உட்காராத வண்டி

நின்றுபோன வண்டியை ஓட வைப்பது கார் மெக்கானிக்கின் வேலை. அது ஓட ஆரம்பித்த நிமிடத்திலிருந்து பயப்படுவது மெக்கானிக் மனைவியின் வேலை. இந்தத் தொழிலில் வாக்கப்பட்ட சகோதரிகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எத்தனை துவைத்தாலும் போகாத கிரீஸ் கறை. சாம்பார் கொதிக்கும் நேரம் பார்த்து வரும் "அந்த டார்ச்சைக் கொஞ்சம் வந்து பிடி." ஜாக்கி மேல் நிற்கும் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள். அந்தக் கால்கள் அசைகின்றனவா என்று சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தோசை சுடுகிற எல்லோருக்காகவும், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

எங்கள் ஒர்க்‌ஷாப் திருத்தணியில், வீட்டை ஒட்டியே இருக்கிறது. என் வீட்டுக்காரர் தணிகைவேல் எஞ்சின் பார்ப்பார். அவரோடு பள்ளியில் படித்த அன்வர் டிங்கரிங், வெல்டிங் எல்லாம் பார்ப்பார். கடை திறந்த நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். பெரிய வேலை செய்த வண்டி எதுவானாலும், நம்ம வீட்டு ஆளை உட்கார வைத்து மலைக்கோயில் ரோட்டில் ஒருமுறை ஏறி இறங்கிய பிறகுதான் சாவி கைமாற வேண்டும். அன்வருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆகவே வீட்டு ஆள் என்றால் நான். யாழினி பிறந்த பிறகு, வீட்டு ஆள் என்றால் நானும் என் மடியில் அவளும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உமிக்கு அடியில் ஒரு கார்

நகரியில் அரிசி மில் நடத்தும் நாயுடு அனுப்பிய வண்டி அது. வெளிநாட்டில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு, கம்பி போட்ட சக்கரம், மடக்குகிற துணிக் கூரை. கூரையை எலிகள் எப்போதோ தின்று முடித்திருந்தன. மில்லின் பின்பக்கம் உமி மூட்டைகளுக்கு அடியில் பல வருடம் கிடந்த வண்டியை ஒரு மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். கதவைத் திறந்ததும் உமி கொட்டியது, கொட்டியது, கொட்டிக்கொண்டே இருந்தது.

இவர் அந்த வண்டியைப் பார்த்த பார்வையை நான் எங்கள் நிச்சயதார்த்தத்தில்தான் பார்த்திருக்கிறேன். "எஞ்சின் ஜாம். அதைத் தூக்கிட்டு வேற எஞ்சின் போட்டு ஓட்டலாம்" என்றார். நான் உள்ளே எட்டிப் பார்த்தேன். சீட்டுக்கு முன்னால், கால் வைக்க வேண்டிய இடத்தில், தரை துருவில் கரைந்துபோய், எங்கள் வாசல் மண் தெரிந்தது. அதில் ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. யாழினியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இதுலயா நாங்க மலைக்குப் போகணும்?" என்று கேட்டேன். இவர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். அன்வர்தான் பதில் சொன்னார்:

"பயப்படாதீங்க தங்கச்சி, எஞ்சினே வேணாம், இப்ப இருக்கிற தரைக்கு நீங்க குந்திகினே நடந்து போலாம்."

ஃப்ரிட்ஜ் காந்தம்

கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எனக்கு ஒரு பழக்கத்தை ஏற்படுத்திவிட்டார்கள். புரியாவிட்டாலும் பயமாக இருந்தாலும் கையைத் தூக்கிக் கேட்க வேண்டும். அது இன்றைக்கும் போகவில்லை. ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று கையைத் தூக்கினால், "மாப்ள, கிளாஸ்ல டவுட்டு" என்று அன்வர் குரல் கொடுப்பார்.

துருப்பிடித்த வண்டியை இவர்கள் பார்ப்பதைப் பார்க்க வேண்டும். சின்னச் சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்டு, சத்தம் பொக்கையாக வந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுவார்கள். டாக்டர் முதுகில் தட்டிக் கேட்பாரே, அதேதான். அப்படி வட்டம் போட்ட தகரத்தையெல்லாம் அறுத்துப் போட்டு, புதுத் தகரத்தை அன்வர் வளைத்து வைத்தால் சேர்ந்த இடம் விரலுக்குத் தட்டாது. வாசல் மண் தெரிந்த தரை கெட்டியாகிவிட்டது. இடது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பட்டையை மட்டும் நல்லா இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். இடது பக்கம் என்றால் நானும் யாழினியும் உட்காரப்போகிற பக்கம். கையைத் தூக்கினேன். "அந்தப் பட்டை எதுக்கு?" "கூரை இல்லாத வண்டிக்கு அதுதான் முதுகெலும்பு" என்றார் இவர்.

முதுகெலும்பு என்ற சொல்லைக் கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்குமா? துருவை மறைக்கப் பூசும் பட்டியில் காந்தம் ஒட்டாது என்று இவர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. மத்தியானம் யாழினி தூங்கும்போது ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த அவளுடைய ஏ பி சி டி காந்தங்களை எடுத்துப் போய் அந்தப் பட்டை மேல் வரிசையாக வைத்தேன். 'டி' வரைக்கும் ஒட்டியது. 'இ' விழுந்தது. 'எஃப்' விழுந்தது. அப்புறம் எதுவுமே நிற்கவில்லை. நான் கூப்பிட, அன்வர் வந்து ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். கனமான பட்டி பெயர்ந்து, உள்ளேயிருந்து மில் சாக்குத் துணி சுருட்டிச் சுருட்டி வந்தது. யாரோ மகானுபாவர் என்றைக்கோ சாக்கைத் திணித்து, பட்டி பூசி, பெயின்ட் அடித்திருக்கிறார். சுத்தியல் சத்தத்தைச் சாக்கு ஏமாற்றியிருக்கிறது. அன்வர் சாக்கைக் கையில் வைத்துக்கொண்டு இவரைப் பார்த்துச் சொன்னார்:

"நாம சுத்தியால தட்டிகினு கீறோம், தங்கச்சி ஏ பி சி டி-ய வெச்சே எக்ஸ்ரே எட்துட்டாங்க பாரு."

அட்டை எஞ்சின்

மலைப் பக்கம் ஓடிய ஒரு பெட்ரோல் ஜீப்பின் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இவர் தேடிப் பிடித்து வந்தார். எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் அனுமதியை நாயுடு முன்னாடியே வாங்கி வைத்திருந்தார். ஆனால் எந்த எஞ்சினும் அடுத்த வண்டிக்குள் சும்மா போய் உட்காராது. ஒவ்வொரு முறையும் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு, இறக்கி, இடித்து, மறுபடி தூக்க வேண்டும். அதற்கு இவர்கள் ஒரு வழி செய்தார்கள். யாழினியின் டயப்பர் வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி ஒட்டி, அதே அளவில் ஒரு அட்டை எஞ்சின்! மேடு பள்ளம் எல்லாம் அப்படியே. பால் பவுடர் டப்பாதான் ஆயில் ஃபில்டர். அட்டையை உள்ளே வைத்துப் பார்த்து, அதற்கேற்ப எஞ்சின் உட்காரும் மவுண்டிங்கை வெல்டிங் செய்தால் போதும். எனக்கு அதை ஷோகேஸில் வைக்கலாம் போல இருந்தது.

மவுண்டிங் முடிந்தது. நிஜ எஞ்சின் இறங்கியது. பானெட்டை மூடினார்கள், நாலு விரல் இடைவெளி. மூடவே மாட்டேன் என்கிறது. டேப்பை வைத்து அளக்கிறார்கள், ஒருவரை ஒருவர் முறைக்கிறார்கள். கடைசியில் விடை இவருடைய போனிலேயே இருந்தது. அட்டை எஞ்சின் முடிந்த அன்று, சந்தோஷத்தில் இவரே யாழினியைத் தூக்கி அதன் மேல் உட்கார வைத்து போட்டோ எடுத்திருக்கிறார். போட்டோவில் அவள் சிரிக்கிறாள், அட்டை அமுங்கியிருக்கிறது. அமுங்கிய அட்டைக்கு மவுண்டிங் செய்துவிட்டு நிஜ எஞ்சினும் அமுங்கும் என்று எதிர்பார்த்தால் எப்படி? எல்லாவற்றையும் அறுத்து, இறக்கி, திரும்பவும் வெல்டிங். அறுக்கும்போது அன்வர் சொன்னது:

"எஞ்சினுக்கு சீட் போடுடான்னா, பொண்ணுக்கு சீட் போட்டு வெச்சிகிறியே மாப்ள!"

நாயுடு காத்திருந்தார்

முதல் முறை ஸ்டார்ட் செய்கிற நாள். நாயுடு வேட்டி மடிப்புக் கலையாமல் நகரியிலிருந்து வந்துவிட்டார். பழைய எஞ்சின் போட்ட சத்தம் மில் சத்தத்தையே மூடிவிடும் என்று அவருக்குப் பெருமை. சாவியைத் திருப்பினார் இவர். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு இருமல், ஒரு நடுக்கம், அப்புறம் பானெட் மேல் வைத்திருந்த டம்ளர் காபி லேசாக அலை அடித்தது, அவ்வளவுதான். இவர் முகத்தில் வெளிச்சம். அன்வர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கே பெருமையாக இருந்தது. நாயுடு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார், காத்திருந்தார், பிறகு பொறுக்க முடியாமல் கேட்டார்:

"ஸ்டார்ட் பண்ணு நைனா, இன்னாத்துக்கு எல்லாரும் பாத்துகினு நிக்கிறீங்க?"

ஓடுவதற்குப் புதுசு, நிற்பதற்கு?

அன்றைக்கே நான் கையைத் தூக்கினேன். நாயுடு முன்னாலேயே. "பழசைவிட இந்த எஞ்சினுக்கு பலம் அதிகம்னு சொன்னீங்க. ஓடுறதுக்குப் புதுசு போட்டாச்சு. நிக்கிறதுக்கு?"

இவர் நாயுடுவைப் பார்த்தார். சங்கதி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. முன் சக்கரத்தில் இருந்த பழைய டிரம் பிரேக்கை மாற்றி டிஸ்க் போட வேண்டும் என்று இவர் சொல்ல, டிஸ்க் போட்டால் கம்பிச் சக்கரம் இடிக்குமாமே, கம்பிச் சக்கரம் இல்லாவிட்டால் அது என் காரே இல்லை என்று நாயுடு அடம் பிடித்திருக்கிறார். "சக்கரம்தான் வேணும்னா வண்டிய எட்துகினு போயிடுங்க சார். மலையில எம் பொண்டாட்டி புள்ள குந்தப்போறாங்க" என்றார் இவர். சத்தம் போடாமல்தான் சொன்னார். இத்தனை ஆசையாகச் செய்த வண்டியை இவர் விட்டுவிடத் தயாராக இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நாயுடு கோபமாகக் கிளம்பிப் போனார். இவர்கள் இரண்டு பேரும் சும்மா இருக்கவில்லை. கம்பிச் சக்கரத்துக்குள் அடங்குகிற மாதிரி சின்ன டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைத் தாங்கும் பட்டையை அரக்கோணத்தில் லேத்தில் கடைந்து வாங்கி, சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, ஒரு காகிதம் நுழையும் இடைவெளியில் உட்கார வைத்துவிட்டார்கள். எனக்காக சீட் பெல்ட்டும் போட்டார்கள். நாயுடுவைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, தெருக்கோடி வரை ஓட்டி, பிரேக்கை மிதித்துக் காட்டினார் இவர். வண்டி கோடு போட்ட மாதிரி நின்றது. நாயுடுவின் மூக்குக்கண்ணாடி மட்டும் நிற்காமல் முன்னால் போய் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துக்கொண்டே அவர் சொன்னார்:

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்க வீட்டம்மா கூட என்னை இப்டி நிறுத்தினதில்ல நைனா."

மலை ரோடு

அந்த நாளும் வந்தது. மாலை, சந்தனம், சக்கரத்துக்கு வைக்க எலுமிச்சம்பழம். சிவப்புப் பெயின்ட்டில் என் முகம் தெரிந்தது. அது வெளுத்திருந்ததும் தெரிந்தது. நான் கையைத் தூக்கினேன். "முதல்ல நான் மட்டும் வரேன். பாப்பா இங்க இருக்கட்டும்." இவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. பிறகு தலையை ஆட்டினார். யாழினி அன்வர் தோளுக்குப் போனாள்.

மலைக்கோயில் ரோட்டில் ஏறியது எனக்குத் தெரியாது, கண்ணை மூடியிருந்தேன். இறங்கும்போது மூட முடியவில்லை. சீட்டு அவ்வளவு தாழ்வு, ரோடு இடுப்புக்குப் பக்கத்தில் ஓடுகிறது. ஒரு வளைவில், முழுக்க எங்கள் பக்கத்திலேயே ஒரு ஆட்டோ ஏறி வந்தது. நான் கத்தினேனா என்று நினைவில்லை. வண்டி நின்றுவிட்டது. இழுக்கவில்லை, திரும்பவில்லை, ரோட்டில் நட்டு வைத்தது போல நின்றது. ஆட்டோக்காரர் "சூப்பர் வண்டிண்ணா!" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போனார். அப்புறம்தான் கவனித்தேன். இவருடைய இடது கை என் மடிக்குக் குறுக்கே நீட்டியிருந்தது. குழந்தை இருந்திருந்தால் எங்கே இருந்திருப்பாளோ, சரியாக அங்கே. ஆட்டோ போன பிறகும் அந்தக் கையை இவர் எடுக்கவில்லை.

கீழே இறங்கியதும் அன்வர் என் பக்கத் தரையைக் குனிந்து பார்த்தார். புது மிதியடி சுருண்டு முன்னால் போய் ஒட்டியிருந்தது. மலை முழுக்க, இல்லாத பிரேக்கை நான் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறேன். தரை ஒரு நூல்கூட அசையவில்லை. "ஆட்டோ எதிர்ல வந்தப்ப பாப்பா இருக்கிற இடத்துக்கு அவர் கை வந்துச்சு, அப்புறம் எடுக்கவே இல்ல அண்ணா" என்றேன் மெதுவாக. அன்வர் யாழினியை என்னிடம் நீட்டிக்கொண்டே சொன்னார்:

"ஒவ்வொரு போல்ட்டையும் 'இது அவ குந்துற எடம்'னு சொல்லிகினே முறுக்குவான் தங்கச்சி, பயத்துல அவன் உங்களுக்கு சீனியர்."

நான் யாழினியை வாங்கினேன். கீழே நிற்காமல் அப்படியே சீட்டில் உட்கார்ந்து, அவளை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னொரு தரம் போலாங்க" என்றேன். இந்த முறை வளைவில் ஊரைப் பார்த்தேன். ரயில் ஒன்று சென்னைப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. யாழினி காற்றைப் பிடிக்கப் பார்த்தாள். மேலே பூஜை முடிந்து, எலுமிச்சம்பழம் நசுங்கி, சாவி நாயுடு கைக்குப் போனது.

மெஷின்

போன வாரம் கனகம்மாசத்திரத்திலிருந்து ஒருவர் வந்தார். நாயுடுவின் வண்டியைத் திருப்பதி ரோட்டில் பார்த்தாராம். தன்னிடமும் ஒரு பழைய கார் இருக்கிறது, எஞ்சின் மாற்ற வேண்டும் என்றார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிரேக் டெஸ்ட் பண்ண மெஷின் கிஷின் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் மாவைக் கல்லில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அன்வர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜன்னலைக் காட்டினார்:

"ஆங், வெச்சிகிறோம் சார், தோசை சுட்டுகினு கீது, வேலை முடிஞ்சதும் வரும்."

இந்த வீட்டில் பயப்படுவதற்கு நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன், பார்த்தால் இவரும் சேர்த்து இரண்டு பேர். அடுத்த வண்டி எப்போது என்று ஒர்க்‌ஷாப் வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற யாழினி ஒருத்திதான் எங்கள் இருவர் மேலும் முழு நம்பிக்கை வைத்திருக்கிறாள்.