வில்லியனூருக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகள்

நான் நான்காம் வகுப்பு படித்த ஆண்டில், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அம்மா எனக்கு மூன்று வேலைகள் கொடுத்திருந்தாள். அப்பாவின் வண்டி வழியில் எந்தச் சாராயக்கடை முன்னாலாவது மெதுவாகப் போனால், எனக்கு அவசரமாக ஒன்றுக்கு வருகிறது என்று சொல்ல வேண்டும். வில்லியனூரில் ஒரு கோயிலை ஒட்டிய அறைக்குள் அப்பா நுழைவதைக் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து அதே கதவு வழியாகத்தான் வெளியே வருகிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

அந்த இடத்தைச் சொன்னவர் ஒரு நர்ஸ். அப்பாவை வயிற்று வலிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, குடியை விட நினைப்பவர்கள் வாரம் ஒருமுறை கூடிப் பேசுகிறார்கள், ஊசி மாத்திரை எதுவும் கிடையாது என்று சொல்லி, சீட்டின் பின்புறம் இரண்டு இடங்களை எழுதிக் கொடுத்தார். ஒன்று பாகூரிலேயே, எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அப்பா பல நாள் அந்தச் சீட்டின் பக்கமே திரும்பவில்லை. டாக்டர் இரண்டாம் முறை மிரட்டியபின் சம்மதித்தார், அதுவும் தொலைவில் இருக்கிற இடத்துக்கு.

“பாகூர்ல போனா டீக்கடையில குந்தினு இருக்கிறவன் பூரா பாத்துடுவான்.”

“சாராயக்கடையில நிக்கும்போது மட்டும் அவனுங்களுக்குக் கண்ணு அவிஞ்சி பூடுதா?” என்றாள் அம்மா.

முதல் ஞாயிறன்று ஏம்பலம் தாண்டுவதற்குள் நான் நான்கு முறை அவசரம் என்று சொல்லிவிட்டேன். நான்காவது முறை அப்பா வண்டியை ஓரங்கட்டி, “காலையிலேர்ந்து இன்னாடி குடிச்ச நீ?” என்று கேட்டார். ஒரு புளியமரத்தின் பின்னால் போய்ச் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

அறை வாசலில் அப்பா ஒரு செருப்பைத்தான் கழற்றியிருப்பார். உள்ளே நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். அரியாங்குப்பத்துப் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன். எந்த விசேஷமானாலும் நாலு பேர் எதிரில், “ஒரு குடிகாரன் கையில தங்கச்சிய புடிச்சிக் குடுத்துட்டேன்” என்று சொல்கிறவர். அவர் ஞாயிறுதோறும் முட்டிவலிக்கு எண்ணெய் போட்டுக்கொள்ள வில்லியனூர் வைத்தியரிடம் போகிறார் என்பது குடும்பம் முழுவதற்கும் தெரியும்.

அப்பா செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு, என் கையைப் பிடித்து வண்டியை நோக்கி நடந்தார். மூன்று வேலைகளில் ஒன்றுதான் முடிந்திருந்தது.

மாமா வெறுங்காலோடு ஓடி வந்தார். முட்டிவலிக்காரர் ஒருவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

“எங்க மாப்ள கெளம்பிட்ட?”

“சும்மா, கோயிலுக்கு வந்தோம் மச்சான்.”

“நானும் சும்மாதான் வந்தேன். எட்டு மாசமா சும்மாதான் வந்துகினு இருக்கேன்.”

அப்பா சாவியைத் திருகியபடி நின்றார். “வூட்ல தெரியுமா?”

“எங்க தெரியும்? தெனம் என் முட்டிக்கு ஒத்தடம் குடுக்குது, பாவம்.”

அப்பா சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மாமாவும் சிரித்தார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “பொண்ண எதிர்ல வெச்சினு உன்ன அவ்ளோ பேசியிருக்கக் கூடாதுபா. இன்னிக்கு ஒரு நாளு குந்திப் பாரு. புடிக்கலன்னா பாகூருக்கே போ, நான் கண்டுக்கமாட்டேன்.”

அப்பா உள்ளே போனார். நான் ஜன்னலுக்குக் கீழே படியில் உட்கார்ந்தேன். ஒவ்வொருவராகப் பெயரைச் சொன்னார்கள். மாமா தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிகாரன்” என்றார். எல்லோரும் அவருக்கு வணக்கம் சொன்னார்கள். அப்பாவை அத்தனை தடவை அப்படிச் சொன்னதற்கு இப்போது அவரையே சொல்ல வைத்துத் தண்டனை கொடுக்கிறார்கள் என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அப்பா தன் முறை வந்தபோது பெயரை மட்டும் சொன்னார். அதற்கும் வணக்கம் சொன்னார்கள்.

அங்கே பார்த்தவர்களைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்று வரும் வழியில் அப்பா சொல்லியிருந்தார். “யார் யாரு வந்தாங்க?” என்று அம்மா கேட்டபோது, “எல்லாரும் வந்தாங்கம்மா” என்றேன்.

எனக்கு அவசரம் வருவது நான்கிலிருந்து இரண்டாகி, பிறகு எப்போதாவது என்றானது. நடுவில் ஒரு ஞாயிறு அப்பா காணாமல் போய், தள்ளாடிக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் மாமாவே எங்கள் வாசலில் வந்து நின்றார். முட்டிக்கு எண்ணெய் போடப் போகத் துணை வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லி அப்பாவை அழைத்துப் போனார்.

ஆறேழு மாதம் கழித்து மாமா மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. விருந்து நாளில் ஆண்கள் ஒவ்வொருவராக மண்டபத்துக்குப் பின்னால் போய், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்புவது எங்கள் பக்கத்து வழக்கம். சித்தப்பா மூன்று முறை வந்து அப்பாவின் தோளைத் தட்டினார். “கையில வேல இருக்குடா” என்று அப்பா வாளியைத் தூக்கிக் காட்டினார். மாமா சோற்றுக் கூடையோடு முன்னே போக, அப்பா பின்னாலேயே போனார். வீட்டுக்காரரே பரிமாறுவதா என்று அத்தை கோபித்துக்கொண்டும் இருவரும் கடைசிப் பந்தி வரை எதையும் கீழே வைக்கவில்லை. பரிமாற ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று நான் நினைத்தேன்.

கடைசிப் பந்தியில் நானும் அம்மாவும் உட்கார்ந்தோம். அப்பா ரசம் கொண்டு வந்தார். அம்மா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் முறை அவள் இலையில் சோறே இல்லை. இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள். அப்பா குனிந்து, நிதானமாக, ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஊற்றினார். முன்பெல்லாம் காலையில் காபி டம்ளரைக்கூடச் சிந்தாமல் பிடிக்காத அந்தக் கையையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்கு ரசம் பிடிக்காது. அன்று மட்டும் ஏன் அத்தனை குடித்தாள் என்று பாகூர் வந்து சேரும் வரை யோசித்தேன். விளங்கவில்லை.