பத்திரிசியார் லொறியில் போன வருடம்

பதுளையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் தள்ளியிருந்த எங்கள் சிறுநகரக் கோயிலின் பாதுகாவலர், அயர்லாந்தின் புனித பத்திரிசியார். திருநாள் மார்ச் பதினேழு. நான் சொல்லும் ஆண்டு, இலங்கை அரசாங்கம் ஞாயிறு லீவை எடுத்துவிட்டு, பௌத்தர்கள் நிலவைக் கணக்கிட்டு அனுசரிக்கும் போயா நாட்களை லீவாக்கியிருந்த அறுபதுகளின் பிற்பகுதியைச் சேர்ந்தது.

ஊர்வலத்தில் சுருவத்தை, அதாவது புனிதரின் சிலையை, தோளில் தூக்குவது தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அது கோயில் வழமை. தோட்டம் தோட்டமாக முறை மாறும். எங்களுக்கு ஏழு வருடத்துக்கு ஒருமுறை. தூக்கும் தண்டின் முன்பக்கமான முன்தண்டுக்கு இரண்டே பேர். அந்த வருடம் அவர்களில் ஒருவர் அப்பா. அவரிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையை அம்மா இரண்டு தடவை துவைத்துக் காயப்போட்டார்.

திருநாள் வேலைநாளில் வந்தால் முன்பெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் வைப்பார்கள். இப்போது ஞாயிறும் வேலைநாள். ஆகவே பதினேழாம் தேதியே, காலை பத்து மணிக்கு என்று கோயில் சபை தீர்மானித்தது. சபையில் இருந்தவர்கள் நகரத்துக் கிளாக்கர்கள். ஒரு கடிதம் எழுதினால் லீவு கிடைக்கும். எங்கள் தோட்டத்துத் துரை லீவு தர மறுத்துவிட்டார்.

அப்பாவும் அவருடைய கூட்டாளியும் சபைத் தலைவரைப் பார்க்கப் போனார்கள். தோட்டப் பள்ளியில் வாத்தியாராக இருந்த நானும் போனேன்.

"ஐயா, காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு நிக்காம எப்படிங்க வர்றது? அடுத்த போயாவுக்கு வைங்க. எல்லாரும் வந்துருவோம்" என்றார் அப்பா.

"போயாவுல நம்ம அர்ச்சியசிஷ்டருக்குத் திருநாளா? ஐரிஷ்காரன் கேட்டாச் சிரிப்பான்."

"ஐரிஷ்காரனா வந்து தூக்கப்போறான்?" என்றார் கூட்டாளி.

பத்திரிசியாரே கடல் கடந்து பிடித்துப்போகப்பட்டவர், ஆறு வருடம் இன்னொருவன் மலையில் ஆடு மேய்த்த அடிமை என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"வாத்தியார் ரொம்பத்தான் படிக்கிறீங்க" என்றார் தலைவர்.

பதினேழாம் தேதி அப்பா தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் நின்றார். கிளாக்கர்கள் சுருவத்தைத் தூக்கினார்கள். ஏற்றத்தின் முதல் வளைவிலேயே தோள் விட்டுப்போய், கீழே இறக்கிவிட்டு, வெலிமடைக்குக் கிழங்கு ஏற்றப் போன லொறியை மறித்தார்கள். வெறும் சாக்குகளுக்கு நடுவில், இடுப்பில் கயிறு கட்டப்பட்டு, புனிதர் ஊரைச் சுற்றி வந்தார்.

வேலை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு அப்பா போய்ச் சேர்ந்தபோது கோயில் பூட்டியிருந்தது. வாசலில் தலைவர் நின்றிருந்தார்.

"அப்ப வர்ற வருஷம் நான் தூக்கலாங்களா?"

"வர்ற வருஷம் மத்தத் தோட்டத்து முறைப்பா. வழமைய மாத்த ஏலுமா?"

வழமையாம்! சுருவத்தை லொறியில் ஏற்றும்போது அந்த வழமை எங்கே போயிருந்தது?

எங்கள் முறை மறுபடி வந்தபோது, அந்த ஏற்றத்தில் வெறுங்கையோடு நடக்கவே அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பிறகொரு நாள் கோயில் பதிவேட்டைப் புரட்டி அந்த மார்ச் பதினேழைத் தேடினேன். ஊர்வலம் வழமைபோல் நடந்ததாம். பங்கு மக்கள் அனைவரும் கலந்துகொண்டார்களாம். பொய். எங்கள் தோட்டத்திலிருந்து ஒருவர்கூட அங்கே இல்லை. முன்தண்டுக்கு உரிய என் அப்பா இல்லை.