பழைய டப்பாவுக்குள் புதுக் கார்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை எல்லோரும் டப்பா என்றுதான் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். மதுரையில் ஏதோ ஓர் ஆபீஸில் கழித்துக்கட்டியதை என் வீட்டுக்காரர் தன் லோடு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த டப்பாவில்தான் எம்.ரெட்டியபட்டியிலிருந்து திருச்சுழி வரைக்கும் எத்தனையோ வீடுகளுக்கு நான் முகப்பு வரைந்திருக்கிறேன். சிவில் டிப்ளமோ படித்தவள் நான். அருப்புக்கோட்டை இன்ஜினியர் ஒருவர் பிளானை அனுப்புவார்; நான் அதைச் சுவரும் கூரையுமாக எழுப்பி, வண்ணம் அடித்து, படமாக்கி அனுப்புவேன். ஊருக்குள் அது அவர் ஆபீஸ் படமாகத்தான் போகும். எனக்கு எரிச்சல்தான், ஆனாலும் வேலை வந்துகொண்டிருந்ததால் பொறுத்துக்கொண்டேன்.

பிறகு அந்த வீடு வந்தது. எங்கள் ஊரிலேயே அதிகம் காடு வைத்திருப்பவர்கள், பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறார்கள். அவர்கள் பருத்திக்காட்டில் களையெடுத்தே என் அம்மாவுக்கு முதுகு வளைந்துவிட்டது. அந்த வீட்டம்மாவுக்கு வெறும் படம் போதாதாம். கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் வீட்டுக்குள் நடந்து பார்க்க வேண்டுமாம். யாருடைய வீட்டையோ அப்படிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

இன்ஜினியர் போன் போட்டார். "ஃபைல மட்டும் அனுப்பிரும்மா. உன் டப்பாவுல அது ஓடாது. அவுகள நம்ம ஆபீஸுக்கு வரச்சொல்லி நானே காட்டிக்கிறேன்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "வரைஞ்சது நானு சார். நாந்தான் காட்டுவேன். எங்க வீட்டுக்கு வரச்சொல்லுங்க."

"உங்க தெருவுக்கா? அவுக வருவாகளாம்மா?"

"வராட்டி பிளானப் பாத்தே கட்டிக்கிறட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, இன்ஜினியர் சொன்னதில் பாதி உண்மை. ஒரே ஒரு படத்தைத் தயாரிக்கவே என் டப்பா முக்கி முனகும். வீட்டுக்குள் நடப்பதென்றால், திரும்பும் பக்கமெல்லாம் அது நொடியில் வரைந்து காட்ட வேண்டும். அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும். இல்லையென்றால் என் வீறாப்பெல்லாம் வீண். அந்தம்மா இன்ஜினியர் ஆபீஸில் ஏசியில் உட்கார்ந்து, நான் கட்டிய வீட்டை என் முகமே தெரியாமல் பார்த்துவிட்டுப் போவார்.

டவுனில் கம்ப்யூட்டர் கடைக்காரர் என் டப்பாவின் போட்டோவைப் போனில் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "தங்கச்சி, இது பத்து வருசத்துப் போர்டு. இதுல போயி புதுக் கார்டு சொருகுறதாவது! செட்டையே மாத்திரு."

"எது பொருந்தாதுன்னு சொல்லுங்கண்ணே. ஸ்லாட்டா, பவரா, எடமா?"

"எல்லாந்தான்."

"அப்ப நீங்க ஒண்ணையும் பாக்கல."

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். நான் கடைவீதியில் வாயைத் திறந்தால் அவருக்கு உடனே இருமல் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்து நானே உட்கார்ந்தேன். டப்பாவின் பக்க மூடியைக் கழற்ற வேண்டிய வேலை இல்லை. எங்கள் ஊர் வெயிலுக்கு அது எப்போதும் திறந்தேதான் கிடக்கும். எதிரே டேபிள் ஃபேன் ஓடும். முதலில் கார்டைச் சொருகும் ஸ்லாட். போர்டில் நீளமான ஸ்லாட் ஒன்று காலியாக இருந்தது. நெட்டில் தேடிப் படித்தேன். புதுக் கார்டும் அதே வகை ஸ்லாட்டில்தான் உட்காரும். பழைய போர்டு என்பதால் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். அடுத்து இடம். டேப்பை எடுத்து, மனையை அளப்பதுபோல் டப்பாவின் உள்ளே அளந்து, பேப்பரில் பிளான் போட்டேன். கார்டு ஒரு அறை. அதன் ஃபேனுக்குக் காற்று வர, வீட்டைச் சுற்றிக் காலியிடம் விடுவதுபோல் செட்பேக் விட்டேன். எட்டிப்பார்த்த என் வீட்டுக்காரர், "வாஸ்து பாத்தியா?" என்றார். சிரிக்கிற நிலையில் நான் இல்லை. ஹார்ட் டிஸ்க் இருந்த கூண்டு குறுக்கே துருத்திக்கொண்டு நின்றது. ஹார்ட் டிஸ்கை மேல்தட்டுக்கு மாற்றிவிட்டுக் கூண்டைக் கழற்றினால் இடம் கிடைக்கும் என்று தெரிந்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

மிச்சம் பவர். கரண்டை வாங்கி எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின் மேல் எத்தனை வாட்ஸ் என்று லேபிள் ஒட்டியிருக்கும். குனிந்து பார்த்தால் லேபிளையே காணோம். ஒரே சந்தனம்!

எங்கள் வேலைதான். ஆயுத பூஜைக்கு லோடு வண்டிக்கு வைப்பதுபோல் கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைப்போம். பக்க மூடி திறந்தே கிடப்பதால், உள்ளே அகலமாகத் தட்டையாகக் கண்ணில் படுவது அந்தப் பெட்டிதான். வருஷா வருஷம் லேபிளின் மேலேயே மூன்று விரலால் இழுத்திருக்கிறோம். சந்தனத்தின் மேல் சந்தனம், அதன் மேல் தூசி, பிறகு மறுபடியும் சந்தனம். காய்ந்து காரை மாதிரி இறுகிக் கிடந்தது.

"சாமிக்கு வச்சதச் சொரண்டாத, ஏத்தா," என்றார் என் வீட்டுக்காரர்.

"சாமி வந்து வாட்ஸ் சொல்லுமா?"

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைக் கழற்றி வெளியே எடுத்து, ஈரத்துணியை அழுத்தி அழுத்திப் பிடித்தேன். நானூற்று ஐம்பதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒரு கார்டுக்கு ஆசைப்பட்டு வைத்திருந்தேன். சந்தனம் ஊறி விலகியதும் தெரிந்த எண் முந்நூறு. சீ என்று ஆகிவிட்டது. நான் ஆசைப்பட்ட கார்டுக்குப் பெட்டியிலிருந்து தனி ஒயர் வேறு வர வேண்டும். இதில் அந்த ஒயரே கிடையாது. பாராமல் வாங்கி மாட்டியிருந்தால் பெட்டியே புகைந்திருக்கும். பவர் விஷயத்தில் கடைக்காரர் சொன்னது சரிதான். அதை அவரிடம் நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் அதோடு விட்டுவிட நான் என்ன இளிச்சவாயா? தனி ஒயர் கேட்காமல், ஸ்லாட்டில் வரும் கரண்டிலேயே ஓடும் சின்னக் கார்டுகளும் இருக்கின்றன. பெரிய கார்டு அளவுக்கு வராது, ஆனால் ஒரு வீட்டுக்குள் நடக்க அது போதும். மறுநாள் டப்பாவின் பிளானை எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போனேன்.

"தனி ஒயர் கேக்கக்கூடாது. நீளம் இதுக்குள்ள இருக்கணும். எடுங்கண்ணே."

பிளானையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு கார்டை எடுத்து வைத்தார். "ஓடலேன்னா திரும்ப எடுக்க மாட்டேன் தங்கச்சி."

"நானும் திரும்பக் கொண்டாற மாட்டேன்."

வீட்டில் மாட்டினால் கச்சிதமாக உட்கார்ந்தது. மானிட்டர் ஒயரைச் சொருகப் போனால் ஓட்டையே இல்லை! என் மானிட்டர் பழசு, நீல மூக்கு ஒயர். கார்டிலோ புது மாதிரி ஓட்டை. இத்தனையும் பார்த்தவள் கண்ணில் நுனியில் தொங்கிய ஒயர் படவில்லை. வாய்விட்டு என்னையே திட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் டவுனுக்குப் போய் இரண்டையும் இணைக்கும் கன்வெர்ட்டர் வாங்கிவந்தார். திரை எரிந்தது. மவுசை நகர்த்தினேன், வீட்டுக்குள் நடந்தேன், திரும்பினேன், ஒரு இடத்திலும் திக்கவில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு.

இன்ஜினியரிடம் சொன்னேன். அவரும் வேறு வழியில்லாமல் அவர்களிடம் சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வீட்டம்மாவின் கார் எங்கள் தெருவுக்குள் நுழைந்தது. வாசலுக்கு வந்தவர் அங்கேயே நின்றுகொண்டார்.

"ஏ புள்ள, போன்ல அனுப்பிர முடியாதா?"

"முடியாதும்மா. உள்ள வந்தாத்தான் நடக்கலாம்."

தெருவை ஒருமுறை பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். கேட்டிலிருந்து மாடி வரைக்கும் அவரை அழைத்துப்போனேன். அடுப்படி ஜன்னலைப் பெரிதாக்கச் சொன்னார், மாடிப்படியைத் திருப்பச் சொன்னார். ஜன்னலை அப்போதே அவர் கண்ணெதிரே மாற்றிக் காட்டினேன். "நீயா வரைஞ்ச?" என்று கேட்டார். "நாந்தாம்மா. உங்களுக்கு வந்த படம் பூராம் நான் வரைஞ்சதுதான்."

கதவோரம் நின்றிருந்த என் அம்மா அப்போதுதான் உள்ளே வந்தாள். அந்தம்மாவின் பழைய வீட்டில் அவளுக்குத் தெரிந்தது பின்வாசல் மட்டும்தான். கூலி வாங்குவதும் அங்கே, தண்ணி கேட்டுக் குடிப்பதும் அங்கே. முன்வாசல் படியை அவள் மிதித்ததே இல்லை.

"எனக்கும் காட்டுத்தா," என்றாள். "மொத வாசல்ல இருந்து காட்டு."

அந்தம்மா நாற்காலியில் அசைந்தார். "அதான் பாத்தாச்சே."

"நீங்க பாத்துட்டீகம்மா. எங்கம்மா இன்னும் பாக்கல."

கேட்டைத் திறந்தேன். முன்வாசல் படி, நிலைக்கதவு, ஹால் என்று மெதுவாகக் கூட்டிப்போனேன். அம்மா நாற்காலிக்குப் பின்னால் நின்று திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் வந்துகொண்டிருந்தாள். அந்தம்மாவும் திரையைத்தான் பார்த்தார். பூஜையறைக் கதவுக்கு முன்னால் என் கை நின்றுவிட்டது. அவ்வளவு பேசிய எனக்கே கை நின்றுவிட்டது.

"ஏன் நின்டுட்ட?" என்றாள் அம்மா. "உள்ள போ."

போனேன்.