மூன்று நிறத்தில் கிருத்திகைச் சமையல்

"கலர் அடிக்கிறதுக்கு ஒரு ஆராய்ச்சியா?" என்று என் வீட்டுக்காரரின் அண்ணன் கேட்டபோது கோயில் மடப்பள்ளியில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எட்டாவது வரைதான் படித்தவள் நான். ஆனாலும் என் மகள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

சுரங்கத்துக்கு அடியில் தண்ணீர் எப்படி ஓடும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறார்கள். அது ஆயிரமாயிரம் துண்டாகப் போடுகிற கணக்கு. ஒன்றையொன்று தொடாத துண்டுகளை ஒரே நேரத்தில் முடித்துவிடலாம். தொடுகிறவற்றைச் சேர்த்துப் போட்டால் விடை குழம்பிவிடும். அதனால் துண்டுக்கு ஒரு புள்ளி, தொடுகிற புள்ளிகளுக்கு நடுவே கோடு. கோட்டின் இரு முனையிலும் ஒரே நிறம் வரக்கூடாது. ஒரே நிறத்துத் துண்டுகளை ஒரே தடவையில் முடிக்கலாம்; நிறம் குறைந்தால் நேரம் குறையும். அந்த நிறங்களைப் பிரித்துக் கொடுக்கிற சாஃப்ட்வேரைத்தான் அவள் எழுதுகிறாள்.

அன்று கிருத்திகை அன்னதானம். எங்கள் குடும்பத்துக்குப் பெரியவரான அந்த அண்ணன் ஒரு விண்ணப்பத் தாளை அவளிடம் நீட்டினார். சுரங்கத்து கான்ட்ராக்ட் ஆபீஸ் வேலை. "திங்கக்கிழம போய் சேந்துக்க. படிச்சிக்கினே இருந்தது போதும்." அண்ணனுக்கு எதிரில் என் வீட்டுக்காரர் வாய் திறக்கமாட்டார். இரண்டு வருட உழைப்பு அந்தத் தாளோடு போய்விடும் போலிருந்தது.

அவள் தாளை வாங்கித் திருப்பினாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

"அம்மா, நாலு அடுப்பு இருக்கே, ஏன் ஒண்ணு எறக்கின பொறவுதான் இன்னொண்ண ஏத்துறீங்க?"

"அதான் வழக்கம்" என்றார் பெரியவர். அந்த வழக்கத்தால் சமையல் நேரமாகி, சுரங்கத்துக்கு செகண்ட் ஷிப்ட் போகிறவர்கள் மாதாமாதம் பாதிப் பேர் வெறும் வயிற்றோடு போனார்கள். எனக்கு அது முருகனுக்கே குறை வைத்த மாதிரி உறுத்தும்.

ஏழு பதார்த்தத்துக்கு ஏழு புள்ளி வைத்தாள். பொங்கலுக்கும் பாயசத்துக்கும் ஒரே உருளி, கோடு. சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஒரே அண்டா, கோடு. பொரியலுக்கும் வடைக்கும் ஒரே வாணலி. சாதத்துக்குத் தனிப் பாத்திரம். மஞ்சளும் குங்குமமும் தொட்டு வைத்தாள். "ஒரே நெறமா இருக்கிறத ஒண்ணா ஏத்திடலாம். ரெண்டே ஈடு!"

"ஏண்டி, சாமிக்குப் படைக்கிற பொங்கல் எறங்குற வரைக்கும் வேற எதுவும் அடுப்புல ஏறக்கூடாது" என்றேன்.

"நீ சொன்னாத்தானம்மா எனக்குத் தெரியும்" என்று பொங்கலிலிருந்து எல்லாப் புள்ளிக்கும் கோடு இழுத்தாள். பொங்கலுக்கு மட்டும் மஞ்சள். மற்றதற்குக் குங்குமமும் அடுப்புக்கரியும். மூன்று ஈடு. வழக்கத்தை மாற்றப் பயந்து சமையல்காரர்கள் பெரியவரைப் பார்த்தார்கள்.

"எம் பேர சொல்லி அடுப்பு மூட்டுங்க. சாமி குத்தம்னா எனக்கு வரட்டும்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

செகண்ட் ஷிப்ட் பஸ் வருமுன் பந்தி முடிந்தது. பெரியவரும் வடையை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "சமையலுக்கு செரி. வேலைக்கு அந்தத் தாளு எங்க?" என்றார்.

அதை நான் மடப்பள்ளிச் சுவரில் சோற்றுப் பசை தடவி ஒட்டியிருந்தேன். எழுத்துப் பக்கம் சுவரோடு.

"அது சாமி காரியத்துக்கு ஆயிடிச்சி மாமா. அவ திங்கக்கிழம காலேஜுக்குத்தான் போவா."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தலை நிமிராமல் மோர் குடித்துக்கொண்டிருந்தார். பிறகு டம்ளரைக் கீழே வைத்து, "நான்தான் பஸ் ஏத்தி வுடப்போறேன்" என்றார்.